செவப்புல மூணு நிமிசம்

அண்ணாச்சி, காலு... காலைக் கொஞ்சம் அங்கிட்டு வைங்க. அந்த மஞ்சப் பையில கடிகாரம் இருக்கு. ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை, பதறாதீங்க. துண்டு போட்டுச் சுத்தித்தாம் வச்சிருக்கேன். உக்காருங்க. திருச்செந்தூர்ல ஏறுன கூட்டத்துல அத்தனை பேரும் அதை எத்திட்டுத்தாம் போனாவ. நீங்க ஒருத்தர்தாம் குனிஞ்சு பாத்திய.

தூத்துக்குடியா? நானும் அங்கனதாம். மணப்பாட்டுக்குப் போயிட்டுத் திரும்புதேன். காலையில ஏழரைக்குக் கெளம்புனவன், இப்பம் மணி ஒண்ணரை ஆகுது, இன்னும் ஒரு வாய் சோறு திங்கலை. பசிக்கலை. ஏன்னு தெரியலை, பசிக்கலை.

இந்தா, துண்டை எடுத்தே காட்டுதேன். பாத்தியளா, பித்தளைக் கூடு. கப்பல் கடிகாரம் இது. முள்ளு ஓடுற தட்டுல செவப்பா ரெண்டு கீத்து இருக்கு பாருங்க, தர்பூசணிக் கீத்து மாதிரி. ஒண்ணு கால் மணியிலேர்ந்து மூணு நிமிசம். இன்னொண்ணு முக்கால் மணியிலேர்ந்து மூணு நிமிசம். எதுக்குன்னு கேக்கணும் நீங்க. எல்லாரும் கேப்பாவ. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தா நாந்தாம் சொல்லுவேன், என்னை மாதிரிச் சொல்ல அங்க ஆளு கிடையாது.

அந்தக் காலத்துல கடல்ல எத்தனை கப்பல் போனாலும், பெரிய முள்ளு இந்தச் செவப்புக்குள்ள வந்துட்டா எல்லாக் கப்பலும் ரேடியோவுல வாயை மூடிறணும். மூணு நிமிசம் ஒருத்தரும் பேசப்பிடாது. காதை மட்டும் குடுக்கணும். எங்கயாவது ஒரு கப்பல் மூழ்கிக்கிட்டுக் கிடந்தா, அது பலகீனமாக் கூப்புடுமில்லா, மத்தவன் சத்தத்துல அது அமுங்கிப் போயிறப்பிடாதே. அதுக்குத்தாம் இந்தச் செவப்பு. நான் இதைச் சொல்லி முடிச்சா பிள்ளைங்க கம்முன்னு ஆயிரும். டீச்சருங்க கை தட்டுவாவ.

நான் டெலிபோன் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருசம். பேரு வேலாயுதப்பெருமாள். பெருமாள்னு சொன்னாத்தாம் தெரியும். அதுபோக எனக்கு ஹாம் ரேடியோ உண்டு. பாட்டுப் போடுவியளான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தாம் கேக்காவ. பரீட்சை எழுதி கவர்மெண்டு குடுத்த லைசென்ஸ். வீட்டுல செட்டு வச்சி, கம்பி கட்டி, ஊரு உலகத்துல எங்க எவன் இதே மாதிரி செட்டு வச்சிருக்கானோ அவங்கூடப் பேசலாம். ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் பிளேட்டு மாதிரி ஒரு பேரு உண்டு, கால்சைன்னு சொல்லுவோம். அதைச் சொல்லித்தாம் கூப்புடணும். சொந்தப் பேரைச் சொல்லி எவனும் கூப்புடப்பிடாது. அது சட்டம். இதை ஞாபகம் வச்சிக்கிடுங்க அண்ணாச்சி, பெறவு வரும்.

பழைய துறைமுகத்துல 'கடலரசி'ன்னு ஒரு கப்பல் நிக்குல்லா? பாத்ததில்லையா? அட, தீவுல இருக்க கலங்கரை விளக்கத்துக்கெல்லாம் எண்ணெயும் அரிசியும் கொண்டு போன கப்பல் அது. ஓட்டம் முடிஞ்சதும் உடைச்சிறாம அப்படியே கட்டி வச்சி, டிக்கெட்டு போட்டு ஜனங்களை ஏத்திக் காட்டுதாவ. அதுல மேல ரேடியோ ரூம் இருக்கு. எங்க சங்கம் அனுமதி வாங்கி, பழைய செட்டைத் தொடைச்சி வச்சி, பக்கத்துலயே புதுச் செட்டையும் போட்டு, ஒம்பது வருசமா அங்கேர்ந்து பேசுதோம். பேசுனோம். சாவி எங்கிட்டத்தாம் இருந்துச்சி.

இந்தக் கடிகாரம் அப்பம் ஓடலை. உள்ள துருப்பிடிச்சிப் போயி நின்னுட்டு. அதை ஓட வச்சது கஸ்பாரு. கஸ்பார் பர்னாந்து, மணப்பாட்டுக்காரன், பனைவெல்ல சொசைட்டியில கிளார்க்கா இருந்தவன். அவனும் ஹாம்தாம். முப்பது வருசமா தினம் காலையில ஏழு மணிக்கு அவன் அங்கேர்ந்து, நான் இங்கேர்ந்து. அவன் பொஞ்சாதி போயிட்டா, பொண்ணு கோயமுத்தூர்ல வேலை. தனியாத்தாம் கிடந்தான். அந்தக் கடிகாரத்தைக் கழட்டிக் கொண்டு போயி நாலு மாசம் வச்சிருந்தான். ஒவ்வொரு பல்லாத் தேய்ச்சி, திரும்ப மாட்டுன அன்னைக்கு டிக் டிக்குன்னு ஓடுது. அவன் முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

அவங்கிட்ட ஒரு குணம். பொய் சொல்ல மாட்டான். நல்ல குணம்தாம், ஆனா எல்லாத்துக்குமா? நாங்க பேசும்போது உங்க குரல் எப்படிக் கேக்குன்னு எதிராளிக்கு மார்க்குப் போடணும். முத எண்ணு அஞ்சுக்கு, எவ்வளவு தெளிவுன்னு. ரெண்டாவது ஒம்பதுக்கு, எவ்வளவு பலம்னு. ஆக ஃபைவ் நைன்னா அதுக்கு மேல மார்க்கே கிடையாது. நடைமுறையில என்னன்னா, நாலு பேரு கூடிப் பேசுற நாளுல எல்லாருக்கும் ஃபைவ் நைன்தாம். ஒரு எழவும் கேட்டிருக்காது, 'உங்க கால்சைனைத் திருப்பிச் சொல்லுங்க, ஃபைவ் நைன்'ம்போம். கல்யாண வீட்டுப் பந்தியில சாப்பாடு பிரமாதம்னு சொல்லிட்டு வாறோமே, அது மாதிரித்தாம். யாரும் தப்பா எடுக்க மாட்டாவ.

கஸ்பாரு மட்டும் போட மாட்டான். முப்பது வருசத்துல ஒரு ஆளுக்காவது சும்மா ஃபைவ் நைன் போட்டானான்னா இல்லை. "பெருமாளு, இன்னைக்கு நீரு நாலு மூணுதாம்வே. உம்ம குரல்ல உறுமல் இருக்கு"ம்பான். காலங்காத்தால! எனக்கு எரிச்சலா வரும். ஆனா அவன் எப்பமாவது "ஃபைவ் செவன்"னு சொன்னா அன்னைக்குப் பூரா எனக்கு மனசு நெறஞ்சி கிடக்கும், அதையும் சொல்லணும்.

கண்டக்டரே, ஒரு தூத்துக்குடி. எனக்கு எடுத்தாச்சி, எடுத்தாச்சி, இது இவுகளுக்கு.

எங்க விட்டேன்? ஜூன் மாசம் முத சனி ஞாயிறு. உலகம் பூரா காட்சிக்கு நிறுத்தியிருக்க பழைய கப்பல்லேர்ந்தெல்லாம் எங்காளுங்க பேசுற ரெண்டு நாளு அது. திருவிழா மாதிரி. ஒரு கப்பல்லேர்ந்து எத்தனை பேர்கூடப் பேசுனோம்னு எண்ணி எழுதி அனுப்பணும். ஒரு நாளைக்கு ஒரு ஆளு ஒரு வாட்டிதாம், ரெண்டாவது வாட்டி வந்தா எண்ணிக்கையில சேராது. போன வருசம் நாங்க நானூத்தி எண்பத்தேழு. பதிமூணு கொறைச்சல் ஐநூறுக்கு! அந்தப் பதிமூணு என்னைத் தூங்க விடலை அண்ணாச்சி, ஒரு வருசம்.

அதுக்கு முந்தின வியாழக்கிழமை கப்பல் கொடிமரத்துல கம்பி கட்டிக்கிட்டிருக்கோம். கஸ்பாரு கீழ நிக்கான், கயித்தைப் பிடிச்சிக்கிட்டு. "வே பெருமாளு, ஒண்ணு சொல்லுதேன். இந்தக் கப்பல்லேர்ந்து பேசுதோம்னா இந்தக் கப்பல் முறைப்படித்தாம் பேசணும். செவப்பு வந்தா நம்மளும் வாயை மூடுவோம். மூணு நிமிசம் கேப்போம்."

நான் சிரிச்சேன். "அது அந்தக் காலம்வே. இப்பம் கப்பலுக்கெல்லாம் சேட்டிலைட்டு வந்தாச்சி. நமக்கு அந்தச் சட்டமே கிடையாது."

"சட்டத்துக்கா சொல்லுதேன்? தினம் பிள்ளைங்களுக்கு நின்னு வெளக்குதீரே, அதைச் செஞ்சி காட்டுனா என்னவே?"

நான் கணக்குச் சொன்னேன். மணிக்கு ஆறு நிமிசம். ரெண்டு நாளும் சேத்து இருபத்தி நாலு மணி நேரம் பேசுவோம். ஆக நூத்தி நாப்பத்தி நாலு நிமிசம். நிமிசத்துக்கு ஒருத்தன்னு வச்சாலும் நூத்தி நாப்பத்தி நாலு பேரு போச்சி! அவன் கயித்தை விட்டுட்டான். "எண்ணிக்கைக்காவே கப்பல் ஏறுனோம்? அப்பம் நான் வரலை. வீட்டுலேர்ந்து கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். நீரு செவப்புல வாயை மூடுதீரான்னு பாக்கேன்"னுட்டு இறங்கிப் போயிட்டான். வருசா வருசம் எனக்குப் பக்கத்துல உக்காந்து எழுதுறவன் அவந்தாம். கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டான். இது நியாயமா? நீங்களே சொல்லுங்க.

அவன் இடத்துக்கு ஜெனிட்டான்னு ஒரு புள்ள வந்தா. பாலிடெக்னிக்குல பாடம் எடுக்கா. கெட்டிக்காரிதாம், இல்லங்கலை. லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருசம் ஆகலை. எனக்கு ஒரு ஹெட்போன், அவளுக்கு ஒரு ஹெட்போன். நான் பேசணும், அவ எழுதணும். ஓரத்துல ஒரு ரெக்கார்டரையும் ஓட விட்டிருந்தா. நாந்தாம் சரின்னேன். எம்புட்டுப் பேரு வந்தாவன்னு பின்னாடி சரி பாக்கலாமேன்னு.

சனிக்கிழமை காலையில முத ஆளா யாரு வந்தா தெரியுமா? கஸ்பாருதாம். கால்சைனைச் சொல்லி, முறையாக் கூப்பிட்டு, "உங்களுக்கு நாலு மூணு, குரல்ல உறுமல் இருக்கு"ன்னான். ஊரு உலகமே கேட்டுக்கிட்டிருக்க அலைவரிசையில! திருவிழா நாள்லயுமா? எனக்குச் சுருக்குன்னுச்சி. நான் ஃபைவ் நைன்னு சொல்லி அனுப்பிட்டேன். உறுமல் இருந்தது நெசம்தாம், பெறவு ஒரு வயரை மாத்துனதும் போயிட்டு. ஆனா அதை அவன் போன்ல சொல்லியிருக்கலாமில்லா?

பதினோரு மணிக்கெல்லாம் கூட்டம்னா கூட்டம். கோட்டயம், கொழும்பு, பெங்களூரு, ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கூப்புடுதான். நான் வேர்த்து ஒழுகிக்கிட்டு ஒவ்வொருத்தனா எடுத்து எறியுதேன். இருநூறைத் தாண்டியாச்சி. பெரிய முள்ளு செவப்புக்குள்ள வருது. நான் பாத்தேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன், பாத்தேன். பதினொண்ணு பதினாறு.

அந்த நேரம் பாத்து வாறான். "பெருமாளு... வே..."

கால்சைன் இல்லை. ஒரு முறையும் இல்லை. ஆபத்துன்னா அதுக்குன்னு வார்த்தை இருக்கு, குறுக்க வரணும்னா அதுக்கும் வார்த்தை இருக்கு, லைசென்ஸ் பரீட்சையிலயே கேப்பான். முப்பது வருச அனுபவம் உள்ளவன், பேரைச் சொல்லிக் கூப்புடுதான். அதுவும் செவப்புல! எனக்கு எப்படி இருக்கும்? வம்புக்குத்தாம் வந்திருக்கான்னு நெனச்சேன். வாயை மூடுதீரான்னு பாக்கேன்னு சொல்லிட்டுப் போனவன்லா. யாரு நெனைக்க மாட்டா?

"ஏற்கனவே உங்க பேரு எழுதியாச்சி. ரெண்டாவது வாட்டி சேராது. ஃபைவ் நைன், நன்றி, வணக்கம். அடுத்து யாரு?"ன்னுட்டேன். மரியாதையாத்தாம் சொன்னேன்.

ஜெனிட்டா என் கையைத் தொட்டா. "சார், கஸ்பார் அங்கிள் குரல் ஒரு மாதிரி இருக்கே."

"அவன் செட்டு பழசு. நீ எழுதும்மா."

"இல்ல சார், கை வரலைன்னு என்னமோ சொன்னாங்க."

"எழுதும்மா"ன்னேன். கோட்டயத்துக்காரன் காத்துக்கிட்டு நிக்கான்.

அவ்வளவுதாம் நடந்தது. நான் அவனை ஏசலை, அதட்டலை. வந்தவனுக்கு ஃபைவ் நைன் குடுத்து அனுப்பியிருக்கேன். அதுக்கு என்னைக் கொலைகாரன் மாதிரிப் பாக்காவ.

இந்தா, போன் அடிக்கி. அந்தப் புள்ளதாம். கடிகாரம் எங்க சார்னு கேப்பா. அடிக்கட்டும். சைலன்ட்ல போட்டுருதேன்.

சாயந்திரம் நாலரைக்கு சேதி வந்துச்சி. மத்தியானம் மூணரைக்கு மேல பக்கத்து வீட்டுக்காரம்மா மீன் குழம்பு கொண்டு போயிருக்கா. கதவு சும்மா சாத்தித்தாம் இருந்திருக்கு. கஸ்பாரு மேசைக்குக் கீழ கிடக்கான். வலது பக்கம் பூரா விழுந்துட்டு, வாய் கோணிட்டு. இடது கையில மைக்கு. போன் அடுப்படியில சார்ஜ்ல கிடந்திருக்கு, அவனால அம்புட்டுத் தூரம் போக முடியலை. மைக்குதாம் எட்டுச்சி போல. பெரியாஸ்பத்திரி டாக்டரு கேட்டாராம், எத்தனை மணிக்கு ஆச்சின்னு. நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்தா ஒரு ஊசி இருக்காம், ஆளைத் தூக்கி நிறுத்திருமாம். யாருக்குத் தெரியும் எத்தனை மணிக்குன்னு? ஜெனிட்டா எழுதுன நோட்டுல இருக்கு. ரெண்டாவது வாட்டி வந்தான், சேராதுன்னு அடிச்சி, பக்கத்துல பதினொண்ணு பதினாறுன்னு எழுதியிருக்கா.

நான் கேக்கேன், எனக்குக் கேட்டிருந்தாலும் நான் என்னத்தச் செஞ்சிருக்க முடியும்? நான் கப்பல்ல. அவன் மணப்பாட்டுல. அறுபது கிலோமீட்டரு. பறந்தா போக முடியும்? ஆமா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மா நம்பரு எங்கிட்ட இருந்துச்சி. அவனேதாம் குடுத்து வச்சிருந்தான், 'நான் காலையில வரலைன்னா இவுகளுக்கு அடிச்சிப் பாரும்வே'ன்னு. ஆனா அன்னைக்குக் காலையில அவன் வந்தானே? ஏழு மணிக்கு வந்தானே? நாலு மூணுன்னு சொன்னானே? அதாம் நான் சொல்லுதேன்.

ஞாயித்துக்கிழமையும் நான் போயி உக்காந்தேன். எல்லாரும் வேண்டாம்னாவ. கஸ்பாருக்காகத்தாம் முடிக்கணும்னு நான் சொன்னேன். ஐநூத்திப் பன்னெண்டு. இந்தியாவுல எந்தக் கப்பலும் பண்ணாத எண்ணிக்கைன்னு நெனைக்கேன், சரியாத் தெரியாது.

மூணு வாரம் கழிச்சி சங்கக் கூட்டம். கப்பல்லயே, மாலுமிங்க சாப்புடுற ரூம்ல வச்சி. அந்தப் புள்ள ரெக்கார்டரைக் கொண்டாந்து மேசை மேல வச்சிட்டா. "யாரையும் குத்தம் சொல்லலை சார், எல்லாரும் கேக்கணும்"னா. போட்டா.

ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. எங்க செட்டுல நம்ம பேசும்போது நமக்கு எதிராளி கேக்க மாட்டான். பட்டனை அமுக்குனா நம்ம பேச்சு போகும், விட்டாத்தாம் அவன் பேச்சு காதுல விழும். அதனால அந்த ரெக்கார்டருல இருக்கதெல்லாம் நான் பேசி முடிச்சி மூச்சு விடுற சந்துல வந்ததுதாம். பெருமாளு, வே. பெறவு என் சத்தம், கணீர்னு. பெறவு "கை வரலை..." பெறவு என் சத்தம். கோட்டயம். "...முடியலைவே..." என் சத்தம், ஃபைவ் நைன். கொழும்பு. ஃபைவ் நைன். ஒரு இடத்துல வெறும் மூச்சு மட்டும் இருக்கு. பதினொண்ணு பதினெட்டுல கடைசியா ஒரு வாட்டி "வே..."ன்னு. அதுக்குப் பெறவு இல்லை. மூணு நிமிசம். அந்த மூணு நிமிசத்துல நான் நாலு பேரை முடிச்சிருக்கேன்.

செகரட்டரி எந்திரிச்சிப் போயி தண்ணி குடிச்சாரு. நான் சொன்னேன், 'ஒரு இடத்துலயாவது அவன் கால்சைன் சொன்னானா பாருங்க'ன்னு. ஜெனிட்டா அழுதுட்டா. என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, பெத்த பிள்ளை கூட அப்படிப் பாக்கப்பிடாது. "சார், நானும்தான் எழுதிக்கிட்டே இருந்தேன்"னா. அவளுக்கு அவளையே பிடிக்கலை. அதுக்கு என்னை எதுக்குப் பாக்கணும்?

சாவியை வாங்கிட்டாவ. ஒம்பது வருசம் வச்சிருந்த சாவி. 'ஓய்வு எடுங்க பெருமாள் சார்'ன்னாவ. ஐநூத்திப் பன்னெண்டுக்குச் சர்டிபிகேட் வந்துச்சி, அதுல சங்கத்துப் பேருதாம் இருக்கு, எம்பேரு இல்லை. இதைக் கேளுங்க. இப்பம் கப்பல்ல அவளோட ராஜ்ஜியம். செவப்பு வந்தா யாரும் பேசப்பிடாதுன்னு போர்டு எழுதி மாட்டியிருக்காளாம். கஸ்பாரு சொன்னப்பம் ஒருத்தராவது அவன் பக்கம் பேசுனாவளா? நான் ஒருத்தன்தாம் வேண்டாம்னேன், மத்தவுக வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தாவ? இப்பம் மட்டும் எங்கேர்ந்து வந்துச்சி?

சாவி குடுக்கப் போன அன்னைக்கு இந்தக் கடிகாரத்தைக் கழட்டிட்டு வந்துட்டேன். திருட்டு இல்லை அண்ணாச்சி, அப்படிப் பாக்காதீங்க. கஸ்பாரு ஓட வச்ச கடிகாரம், கஸ்பாருகிட்ட இருக்கட்டும்னுதாம். அவங்களுக்குச் செல்போன்ல அலாரம் இருக்குல்லா, அதை வச்சி வாயை மூடட்டும்.

இன்னைக்குத்தாம் கொண்டு போனேன். ரெண்டு மாசம் ஆச்சி, இன்னைக்குத்தாம். போகணும் போகணும்னுதாம் இருந்தேன். ஒரு வாரம் காய்ச்சல். ஒரு வாரம் மச்சினன் வீட்டு விசேஷம். ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஒரு டீயைக் குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். அது ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை.

பொண்ணு ரெஜினாதாம் கதவைத் திறந்தா. வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து கிடக்கா, பாவம். "வாங்க அங்கிள்"னா. அவ்வளவுதாம். அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது எம்மடியில உக்காந்து மைக்குல பாட்டுப் பாடுனவ.

கஸ்பாரு கட்டில்ல சாஞ்சி கிடக்கான். பாதி ஆளாயிட்டான். வாயில பேச்சு வரலை, ஆனா எல்லாம் புரியுதாம், புத்திக்கு ஒண்ணும் ஆகலையாம். இடது கை மட்டும் இருக்கு. பக்கத்து ஸ்டூல்ல ஒரு சில்வர் டம்ளரும் கரண்டியும். தட்டுனா தண்ணி, ரெண்டு தட்டு தட்டுனா ஒண்ணுக்கு, அப்படி மகளுக்கும் அவனுக்கும் ஒரு ஏற்பாடு. மேசை மேல செட்டு இருக்கு. பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடி வச்சிருக்கா. கீழ அந்த இடத்தை நான் பாக்கலை.

வழி நெடுக நான் பேசுறதுக்கு எல்லாம் சேத்து வச்சிருந்தேன். கால்சைன் ஏன்வே சொல்லலைன்னு கேக்கணும். கூட்டம் அப்படிவேன்னு சொல்லணும். ஐநூத்திப் பன்னெண்டைச் சொல்லணும். எல்லாத்துக்கும் முன்னாடி கடிகாரத்தை மாட்டுவோம்னு, காலண்டர் தொங்குன ஆணியில இதை மாட்டுனேன். அவனுக்கு நேர் எதிரே. சாவி குடுத்து, என் போனைப் பாத்து மணியைச் சரி பண்ணுனேன். பதினொண்ணு பதிமூணு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொண்டையைக் கனைச்சி, ஆரம்பிக்கப் போறேன், முள்ளு செவப்புக்குள்ள வந்துட்டு.

அவன் கண்ணு முள்ளுலதாம் இருக்கு. நான் அவனைப் பாக்கேன். அவன் முள்ளைப் பாக்கான். சரின்னு நான் வாயை மூடிட்டேன்.

என் ஆயுசுலயே முத வாட்டி அண்ணாச்சி. மூணு நிமிசம் எவ்வளவு நீளம் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், எனக்கே தெரியாது. கோயில்ல ஜெபம் படிக்க சத்தம் கேக்கு. ரெஜினா அடுப்படியில தட்டு கழுவுறது கேக்கு. கடல் கேக்கு. கஸ்பாரு மூச்சு கேக்கு. அந்த மூச்சைத்தாம் ரெக்கார்டருல கேட்டேன், அதே மூச்சு. எந்திரிச்சி ஓடிறலாமான்னு இருந்துச்சி. ஓடலை. உக்காந்திருந்தேன்.

ரெண்டு நிமிசம் போயிருக்கும். அவன் கரண்டியை எடுத்தான். தண்ணிக்குன்னு நெனச்சி நான் எந்திரிக்கப் போனேன். இல்லை. டம்ளர்ல தட்டுதான். டக் டக் டக் டக் டக்னு அஞ்சு. பெறவு கரண்டியை டம்ளர்ல வச்சி இழுக்கான், நீளமா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் ஒரே ஒரு டக்.

தந்தி பாஷை அண்ணாச்சி. எங்களுக்கெல்லாம் அது தாய் பாஷை மாதிரி. அஞ்சு தட்டுன்னா அஞ்சு. நாலு இழுப்பு ஒரு தட்டுன்னா ஒம்பது.

ஃபைவ் நைன்!

எனக்குப் போட்டுட்டான்! முப்பது வருசத்துல முத வாட்டி. நான் அழுதுட்டேன், வெக்கமில்லாமச் சொல்லுதேன், அந்தக் கட்டில் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு விக்கி விக்கி அழுதேன். அவன் கரண்டியை வச்சிட்டுக் கண்ணை மூடிட்டான். சுவத்துப் பக்கமாத் தலையைத் திருப்பிக்கிட்டான். வேற ஒண்ணும் தட்டலை.

சத்தம் கேட்டு ரெஜினா ஓடி வந்தா. "என்ன அங்கிள், அப்பா என்ன சொன்னாங்க?"

"ஃபைவ் நைன் குடுத்துட்டாம்மா உங்கப்பன்! என் குரல் அவனுக்குத் துல்லியமாக் கேக்காம். அதுக்கு மேல மார்க்கே கிடையாதும்மா"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. பெறவு அவனைப் பாத்தா. "நீங்க ஒண்ணும் பேசவே இல்லையே அங்கிள். வந்ததுலேர்ந்து நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்"னா.

அவ நாற்காலி மேல ஏறி, ஆணியிலேர்ந்து கடிகாரத்தைக் கழட்டி, இந்தத் துண்டு அவ குடுத்ததுதாம், இதுல சுத்திக் கையில குடுத்துட்டா. "நாள் முழுக்க இதைப் பாத்துக்கிட்டே கிடப்பாங்க அங்கிள். வேண்டாம். கொண்டு போயிருங்க."

ஆத்தூர்ப் பாலம் வந்துட்டா? இன்னும் கொஞ்ச நேரம்தாம்.

புரியாத புள்ள அவ. அவளுக்கு எங்க பழக்கம் தெரியாது. கஸ்பாரு யாருக்கும் சும்மா போட மாட்டான், அதாம் அவன் குணம். மத்தவன் போட்டா சந்தேகப்படலாம். நான் போட்டாக் கூடச் சந்தேகப்படலாம். கஸ்பாரு போட்டான்னா அது நெசமாத்தானே இருக்கணும்? நான் வாயே திறக்கலைங்கது ஒரு பெரிய விசயமா? என் மூச்சு கேட்டிருக்கும். அழுகை முட்டிக்கிட்டு நின்னது கேட்டிருக்கும். அவனுக்குக் கேக்கும். அவன் நல்லாக் கேக்குறவன்.

நல்லாக் கேக்குதுன்னுதானே அண்ணாச்சி அர்த்தம்? கோட்டயத்துக்காரனுக்கு நான் போட்ட மாதிரி போட்டிருக்க மாட்டான்லா?

என்ன நீங்க, ஜன்னலைப் பாக்கிய?